முதல் கோர்ட்டின் வக்கீல்கள்

சென்னை உயர் நீதிமன்றத்துக்குள் போய்வரும் இளம் வழக்கறிஞர்களுக்கு இரண்டு சிலைகள் சீக்கிரமே பழகிவிடும். ஒன்று, காலில் செருப்பில்லாமல் வடிக்கப்பட்ட சர் தி. முத்துசாமி ஐயர். திருவாரூரில் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் கணக்கெழுதத் தொடங்கியவர். 1877-இல் அந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். மற்றவர் சர் வெ. பாஷ்யம் ஐயங்கார், சென்னை மாகாண அட்வகேட் ஜெனரல் பொறுப்பை வகித்த முதல் இந்தியர். மூன்றாமவர் சற்றுத் தள்ளி, சேப்பாக்கம் செனட் ஹவுஸ் வளாகத்தில் இருக்கிறார். அவர் சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், மணி ஐயர் என்று ஊர் அழைத்தது. அவரைப் பற்றிப் பேசுவோர் நீதிபதிப் பதவியைச் சொல்வார்கள், மூன்று முறை தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்ததைச் சொல்வார்கள், ஹோம் ரூல் இயக்கத்தையும் 1918-இல் சர் பட்டத்தைத் துறந்ததையும் சொல்வார்கள். அதற்கெல்லாம் முன்னால், 1869 முதல் சுமார் 15 ஆண்டுகள் அவர் மதுரையில் சிவில் வக்கீலாக இருந்ததை யாரும் அவ்வளவாக எடுத்துப் பேசுவதில்லை.

நம் சட்ட வரலாறு முழுவதிலும் இந்த மறதி உண்டு. மேலே போனவர்கள் நினைவில் நிற்கிறார்கள். அவர்கள் மேலே போவதற்கு வேண்டிய சரக்கைச் சேர்த்த இடம் மறந்துவிடுகிறது. முன்சீப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் சாட்சியை நிறுத்தி, பத்திரத்தைக் காட்டி, நிலத்தின் நான்கெல்லையை நீதிபதியின் மனத்தில் பதியவைத்த வக்கீலுக்குச் சிலை கிடையாது, வாழ்க்கை வரலாறு கிடையாது, பெரும்பாலும் பெயரும் கிடையாது. ஆனால் ஒரு சிவில் வழக்கின் தலைவிதி அவர் கையில்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது.

மணி ஐயரையே எடுத்துக்கொள்வோம். 1842-இல் மதுரையில் பிறந்தார். தந்தை இராமநாதபுரம் ஜமீனின் சட்டக் காரியங்களைப் பார்த்துவந்தவர். மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோனார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கலெக்டர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. வேலை பார்த்துக்கொண்டே தனியாகப் படித்து பிளீடர் தேர்வில் தேறினார். தேறியும் வக்கீல் சன்னது உடனே கைக்கு வரவில்லை. பிறகு பட்டமும் சட்டப் பட்டமும் பெற்று, முப்பதை நெருங்கும் வயதில்தான் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். இந்தக் கால விளம்பர மொழியில் இதைத் தாமதமான தொடக்கம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்குப் பட்டா எப்படி மாறுகிறது, கர்ணம் கணக்கில் எங்கே விளையாடுவார், எந்தப் பதிவேட்டில் எந்தக் கையெழுத்து இருக்க வேண்டும் என்பதெல்லாம் தெரியும். சிவில் வக்கீலுக்குச் சட்டக் கல்லூரி தராத கல்வி அது. முத்துசாமி ஐயருக்கும் இதே கதைதான். அவர் ஒருநாளும் வக்கீல் தொழில் செய்ததில்லை. ஆனால் கணக்குப் பதிவேட்டிலிருந்து முன்சீப் பதவிக்கும் அங்கிருந்து மேலுக்கும் படிப்படியாக ஏறியவர். தெருவிளக்கில் படித்தார் என்ற கதையையே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர் பார்த்த கணக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

மதுரைச் சீமை அந்தக் காலத்தில் சிவில் வழக்குகளின் விளைநிலம். சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய இரண்டு பெரிய ஜமீன்களின் வாரிசுச் சண்டைகள் அங்கிருந்து புறப்பட்டு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயின. சிவகங்கையின் முதல் இஸ்திமிரார் ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் 1829-இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அவருக்கு முன்பே இறந்திருந்த அண்ணனின் பிள்ளைகள் ஜமீன் தங்களுடையது என்றார்கள். விதவைகள் தங்களுடையது என்றார்கள். விதவைகளுக்குப் பின் மகள் காத்தம நாச்சியார் வழக்கைக் கையிலெடுத்தார். இரண்டு கேள்விகள்தான் அடிப்படை. அண்ணனும் தம்பியும் பிரிந்த குடும்பமா, பிரியாத குடும்பமா? ஜமீன் பூர்வீகச் சொத்தா, கௌரி வல்லபர் தாமே அடைந்த சொத்தா? சாட்சிகள், முச்சலிக்காக்கள், கும்பினி தந்த சன்னது, குடும்பத்தில் யார் யாரோடு இருந்து சாப்பிட்டார்கள் என்பது வரை எல்லாம் பதிவாயின. முதலாமவர் இறந்து 34 ஆண்டுகள் கழித்து, 1863-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது: குடும்பம் பிரியாததாகவே இருந்தாலும், சுயார்ஜிதச் சொத்து தனிச்சொத்தின் வாரிசு முறைப்படியே இறங்கும். மகள் வென்றார்.

இந்தத் தீர்ப்பு இந்துச் சட்டப் புத்தகங்களில் நிரந்தர இடம் பிடித்தது. விதவை நேர்மையாக நடத்திய வழக்கின் தீர்ப்பு பின்னால் வரும் வாரிசுகளைக் கட்டுமா என்ற கேள்விக்கும் அதுதான் மூல வழக்கு. சட்ட மாணவர்கள் அதை லண்டனில் கண்ட சட்ட விளக்கமாகவே படிக்கிறார்கள். ஆனால் லண்டனில் உட்கார்ந்திருந்தவர்கள் எந்தச் சாட்சியையும் பார்க்கவில்லை. அவர்கள் முன்னால் இருந்தது அச்சடித்த கட்டு மட்டுமே. ஜமீன் எப்படிக் கைக்கு வந்தது என்பதைக் காட்டும் சன்னது அந்தக் கட்டில் இல்லையென்றால், சுயார்ஜிதம் என்று பேச அவர்களுக்கு எந்த ஆதாரமும் இருந்திருக்காது. அதை அங்கே சேர்த்தவர் யாரோ ஒரு ஜில்லா கோர்ட் வக்கீல்.

இராமநாதபுரம் வழக்கு இன்னும் நேரடியான சான்று. கணவரின் அனுமதி இல்லாமல் விதவை ராணி தத்தெடுத்தது செல்லுமா என்பது வழக்கு. எதிர்த்து நின்றவர் மதுரைக் கலெக்டர். சாஸ்திர நூல்கள் ஒன்றுக்கொன்று மாறாகப் பேசின. 1868-இல் பிரிவி கவுன்சில், உறவின்முறையாரின் சம்மதத்தோடு விதவை தத்தெடுக்கலாம் என்பது இந்தத் தென்னாட்டின் வழக்கம் என்று ஏற்றது. நன்றாக நிரூபிக்கப்பட்ட வழக்கம், எழுதிவைத்த சாஸ்திர வாசகத்தைவிட வலியது என்ற கொள்கையும் அந்தத் தீர்ப்பில் பிறந்தது. வழக்கத்தை நிரூபிப்பது என்றால் என்ன? இந்தச் சாதியில், இந்த ஊரில், இன்ன ஆண்டில், இன்ன குடும்பத்தில் இப்படி நடந்தது என்று ஒவ்வொரு நிகழ்ச்சியாகக் காட்டுவது. அதை எந்தப் புத்தகத்திலும் படித்துச் சொல்லிவிட முடியாது. ஊருக்குப் போய், முதியவர்களைக் கண்டு, கூண்டில் ஏற்றி, எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணையில் அவர்கள் தடுமாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் பேசுகிறவர் வேறு, சங்கதி நிரூபிக்கிறவர் வேறு. நல்ல சிவில் வக்கீலின் திறமை பிராதிலேயே தெரிந்துவிடும். பிராதில் சொல்லாத ஒன்றை எத்தனை சாட்சி வைத்து நிரூபித்தாலும் பயனில்லை என்பது சிவில் நடைமுறையின் முதல் பாடம். கட்சிக்காரர் ஒரு மூட்டை காகிதத்தோடு வந்து இரண்டு மணி நேரம் பேசுவார். தம்பி செய்த துரோகம், பெரியப்பா சொன்ன வார்த்தை, கல்யாணத்தில் நடந்த அவமானம் எல்லாம் வரும். அதில் எது வழக்கு, எது மனக்குறை என்று பிரித்தெடுக்க வேண்டும். மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்றில் நடுவில் ஏன் ஒரு அடமானம் தெரிகிறது, சர்வே எண் உட்பிரிவானது எப்போது, அனுபோகம் யாரிடம், தீர்வை யார் கட்டினார், காலவரம்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். அனுபவப்பட்ட வக்கீல் தன் கட்சிக்காரரை எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வதற்கு முன்பே தன் அறையில் தானே செய்துவிடுவார். கோபித்துக்கொண்டு வேறு வக்கீலிடம் போனவர்களும் உண்டு.

உயில் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உயிலை நிரூபிக்க, சாட்சிக் கையெழுத்திட்டவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்தால் அவரை அழைத்தாக வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் விதி. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டம் வந்துவிட்டது. இந்த விதி மாறவில்லை. எழுபது வயதுக் கிழவர் கூண்டில் நிற்கிறார். உயில் எழுதியவர் உங்கள் முன்னால் கையெழுத்திட்டாரா? நீங்கள் அவர் முன்னால் கையெழுத்திட்டீர்களா? எந்த அறை, எந்த நேரம், எழுதியவருக்கு அன்று கண் தெரிந்ததா, உயிலால் லாபம் அடைகிற மகன் அங்கே நின்றுகொண்டிருந்தானா? இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குத் தவறான பதில் வந்தால் வீடு கை மாறிவிடும். கிழவர் பொய் சொல்லவில்லை, மறந்துவிட்டார் என்பதால் தீர்ப்பு மாறப்போவதில்லை. குறுக்கு விசாரணை என்றால் குரலை உயர்த்தி மடக்குவது என்று சினிமா கற்றுத்தந்திருக்கிறது. சிவில் கோர்ட்டில் மடக்குகிறவர் பெரும்பாலும் தாழ்ந்த குரலில், மரியாதையாக, ஒரு தேதியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். எப்போது உட்கார வேண்டும் என்று தெரிவதற்கே பத்து வருடம் ஆகும்.

இந்தத் தொழில் இங்கே எப்படி வேர்விட்டது என்பதையும் சுருக்கமாகப் பார்க்க வேண்டும். கும்பினி ஆட்சியில் மாகாணத்தில் இரண்டு நீதி உலகங்கள் இருந்தன. சென்னைப் பட்டணத்துக்குள் 1801-இல் தொடங்கிய சுப்ரீம் கோர்ட். அங்கே ஆங்கிலேய பாரிஸ்டர்களும் அட்டர்னிகளும். வெளியே ஜில்லா கோர்ட்டுகளும் அவற்றுக்கு மேலான சதர் அதாலத் என்ற சதர் கோர்ட்டும். அங்கே உள்ளூர் வக்கீல்கள். 1846-ஆம் ஆண்டுச் சட்டம், தகுதியும் நன்னடத்தையும் உள்ள எவரும் இனம், மதம் பாராமல் பிளீடர் ஆகலாம் என்றது. 1862 ஆகஸ்ட் 15-இல் உயர் நீதிமன்றம் தொடங்கியபோது இரண்டு உலகங்களும் ஒரே கூரையின் கீழ் வந்தன. ஆனால் பாரிஸ்டருக்கும் வக்கீலுக்கும் இடையே இருந்த சுவர் உடனே விழவில்லை. பட்டணத்து வழக்குகளை உயர் நீதிமன்றமே முதலில் விசாரிக்கும் ஒரிஜினல் சைடில் வக்கீல்கள் பேசலாமா என்று அட்டர்னிகள் எதிர்த்து மனுப் போட்டுத் தோற்றார்கள். அந்தச் சுவர் முழுதாக இடிய 1926-ஆம் ஆண்டு பார் கவுன்சில் சட்டமும், 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டமும் வர வேண்டியிருந்தது. சுவரின் அந்தப் பக்கத்துப் பாரிஸ்டர்கள் கோட்டையில் செல்வாக்கோடு இருந்த காலத்தில், பாஷ்யம் ஐயங்கார் ஒரு வக்கீலாகவே நின்று அவர்களைவிடப் பெரிய பெயர் எடுத்தார் என்பதில்தான் அவர் சிலைக்கு அர்த்தம்.

மொழி இன்னொரு சுவர். சாட்சி தமிழில் பேசுவார்; பதிவும் தீர்ப்பும் ஆங்கிலத்தில் போகும். தம் வழக்கில் என்ன தீர்ப்பானது என்பதைக்கூடக் கட்சிக்காரர் குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையை நாம் பிரதாப முதலியார் சரித்திரத்துக்காக நினைவு வைத்திருக்கிறோம். நாவல் 1879-இல் வந்தது. அதற்கு 17 ஆண்டுகள் முன்பே, சதர் கோர்ட் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துச் சித்தாந்த சங்கிரகம் என்று வெளியிட்டார். வழக்காடுகிறவனுக்குத் தன் மொழியில் சட்டம் கிடைக்க வேண்டும் என்று நினைத்த நீதிபதி அவர். அந்த எண்ணம் கீழ்க் கோர்ட்டுகளில் சட்டபூர்வமாக நுழைய, 1976-இல் தமிழக ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று 1846-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், உள்ளே போனவர்கள் யார் என்பது வேறு கதை. ஆங்கிலப் படிப்பும், காத்திருக்கப் பணமும், மயிலாப்பூரில் சீனியரும் யாருக்கு இருந்தனவோ அவர்களே போனார்கள். 1916-இல் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை ஒரு கணக்கை முன்வைத்தது: மாகாணத்தின் 128 நிரந்தர முன்சீப்புகளில் 93 பேர் பிராமணர், 25 பேர் பிராமணரல்லாத இந்துக்கள், மிச்சம் மற்றவர்கள். வக்கீல்கள் நிலையும் அதற்குப் பெரிதாக மாறுபட்டதல்ல. பெண்களுக்கு 1923 வரை சட்டமே தடையாக இருந்தது. சென்னையில் ஆனந்தபாய் 1929-இல்தான் வழக்கறிஞராகப் பதிய முடிந்தது. காத்தம நாச்சியார் போன்ற பெண்கள் வழக்காடி இந்துச் சட்டத்தையே மாற்றி எழுதினார்கள். அவர்களுக்காகப் பேச ஒரு பெண் எழுந்து நிற்க, 1863 தீர்ப்புக்குப் பிறகும் 66 ஆண்டுகள் ஆயின. மணி ஐயரையும் பாஷ்யம் ஐயங்காரையும் போற்றும்போது இதை மறைத்துவிட்டுப் போற்ற முடியாது.

சிவில் வக்கீலின் பொதுவாழ்வு பற்றிப் பேசினால் வி. கிருஷ்ணசாமி ஐயரை விட முடியாது. திருவிடைமருதூர்க்காரர், முன்சீப்பின் மகன். 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் என்ற ஆங்கிலேய வங்கிக் கம்பெனி கவிழ்ந்தபோது, சென்னையின் விதவைகள், ஓய்வூதியக்காரர்கள், கோயில்கள் என்று பலருடைய சேமிப்பு அதோடு மூழ்கியது. கடன் கொடுத்தவர்களுக்காக நின்று, கணக்குகளைத் தோண்டி, கம்பெனியின் நிலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் கிருஷ்ணசாமி ஐயர். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். கட்டணத்தை வாங்கிக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் போகவில்லை, நம்மவர் பணத்துக்கு நம்மவர் வங்கி வேண்டும் என்று பணம் படைத்தவர்களைத் திரட்டினார். 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. அரசியலில் மிதவாதியான இவர், தீவிரவாதிகள் பக்கம் நின்ற பாரதியின் பாடல்களைக் கேட்டு நெகிழ்ந்து, சொந்தச் செலவில் அச்சிட்டுப் பரப்பினார் என்பதும் அதே 1907-இன் செய்திதான். திவால் கோர்ட்டின் கணக்குப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிய அனுபவம் இல்லாதவருக்கு அந்த வங்கி யோசனை வந்திருக்குமா என்பது சந்தேகமே.

பிறகு உலகம் மாறியது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. பெரிய வாரிசு வழக்குகளின் காலமும் போயிற்று. கோர்ட்டுக்கு வந்தவை வாடகை, புரோநோட்டு, பாதைத் தகராறு, பாகப்பிரிவினை. அளவில் சிறியவை, ஆனால் நிரூபிக்கும் வேலை குறையவில்லை. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் மகளுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்று சட்டம் வந்தது. ஆனால் அந்த நாளுக்கு முன் கல்யாணமான மகளுக்கு இல்லை என்றது. உடனே முன்சீப் கோர்ட்டுகளில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள் சாட்சி ஆவணங்களாயின. எந்த முகூர்த்தம், எந்த மண்டபம், அச்சகத்தின் பெயர் என்ன என்று குறுக்கு விசாரணை நடந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை மேலும் தெளிவாக்கி, வாய்மொழியாகப் பாகம் பிரித்துவிட்டோம் என்ற வாதத்தை எளிதில் நம்பக் கூடாது, பொது ஆவணங்களின் ஆதாரம் வேண்டும் என்றது. மகளுக்குப் பங்கு உண்டு என்பது டில்லியில் தீர்ந்த சட்டம். தன் அப்பா பெயரில் எந்த நிலம் இருந்தது, அது பூர்வீகமா, அண்ணன் எப்போது பட்டாவை மாற்றிக்கொண்டார் என்பதை ஒரு மகள் பெரம்பலூரிலோ பரமக்குடியிலோதான் நிரூபிக்க வேண்டும்.

இதற்கிடையே மேல் கோர்ட்டின் கதவு குறுகிக்கொண்டே வந்திருப்பதைக் கட்சிக்காரர்கள் பலர் கவனிக்கவில்லை. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் அப்பீல் என்பது கணிசமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே. சங்கதி பற்றிய முடிவு முதல் அப்பீலோடு முடிந்தது. முதல் அப்பீலிலும் புதிய சாட்சியம் சேர்க்க அனுமதி அரிது. முன்சீப் கோர்ட்டில் குறியீடு செய்யாமல் விட்ட பத்திரத்தை எவ்வளவு பெரிய சீனியரும் பின்னால் உயிர்ப்பிக்க முடியாது. ஆனாலும் கோடி ரூபாய்ச் சொத்து வழக்கை முதல் கோர்ட்டில் யாரோ ஒருவரிடம் குறைந்த கட்டணத்துக்கு விட்டுவிட்டு, தோற்ற பிறகு நிலத்தை விற்றுச் சென்னையில் பெரிய வக்கீலைத் தேடும் பழக்கம் ஓயவில்லை. சட்ட இதழ்களும் இதற்கு ஒரு காரணம். 1876 முதல் வந்த அரசின் தீர்ப்புத் தொகுதிகளும், 1891-இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலும் மேல் கோர்ட்டின் வாதங்களையே அச்சிட்டன. கீழ்க் கோர்ட்டின் மிகச் சிறந்த குறுக்கு விசாரணைகள் கரையான் அரித்த கட்டுகளில் போய்விட்டன.

வழக்கறிஞர்கள் மேலும் குற்றம் இல்லாமல் இல்லை. வாய்தா வாங்குவதையே ஒரு கலையாக்கியவர்கள் உண்டு. டிகிரி வாங்கிய பிறகுதான் இந்தியாவில் வழக்காடியின் துன்பம் தொடங்குகிறது என்று பிரிவி கவுன்சில் 1872-லேயே குறைப்பட்டது. நிறைவேற்று மனு எண் ஏறி அமீனா வந்து சேர்வதற்குள் தலைமுறை மாறிவிடுவதை இன்றும் பார்க்கிறோம். 1999, 2002 திருத்தங்கள் இதற்கு மருந்தாக வந்தன: எதிர்வாதவுரைக்கு நாள் வரம்பு, வாய்தாவுக்கு மூன்று முறை வரம்பு, முதல் விசாரணை வாக்குமூலமாகவே தாக்கல். அவற்றை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது நம் சேலம் வழக்கறிஞர் சங்கம். 2005-இல் வந்த தீர்ப்பு திருத்தங்களை ஏற்றுக்கொண்டு, நாள் வரம்புகளைச் சற்றே தளர்த்தியது. சமரச மையங்களுக்கான விதிமுறைக்கும் வழி வகுத்தது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியது. இது நல்ல விளைவு. ஆனால் முதல் விசாரணை காகிதமாக மாறியதில் ஓர் இழப்பும் இருக்கிறது. பதிலைக் கேள்வியிலேயே ஊட்டாமல், தன் சாட்சியைத் தானே பேசவைக்கும் வித்தையை ஜூனியர்கள் முன்பு அங்கேதான் கற்றார்கள். இப்போது அலுவலகத்தில் தட்டச்சு செய்த வாக்குமூலத்தைச் சாட்சி வந்து ஒப்புக்கொள்கிறார். முதல் கேள்வியே எதிர்த்தரப்பிலிருந்து வருகிறது. காலம் மிச்சமானது உண்மை. கூண்டில் நிற்கிறவர் தம் சொந்த வார்த்தையில் பேசி நீதிபதி கேட்பதும் அதோடு குறைந்துபோனது.

ஜூனியர்களின் நிலை தனியாகப் பேச வேண்டியது. கட்சிக்காரர் இல்லாமல், சம்பளம் இல்லாமல், சீனியரின் பையைத் தூக்கிக்கொண்டு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க முடிந்தவனுக்கே இந்தத் தொழில் என்பது மணி ஐயர் காலத்து நியதி. அது திறமையைச் சோதிக்கவில்லை. வீட்டு வசதியைச் சோதித்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் என்று ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை வலியுறுத்தியது. பார் கவுன்சிலும் சுற்றறிக்கை விட்டது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்றது. இரண்டும் ஒரே உண்மையை ஒப்புக்கொள்கின்றன: கோர்ட் அறையில் நின்று கற்றதற்கு மாற்று இல்லை. முதல் உத்தரவை எத்தனை சீனியர்கள் மதிக்கிறார்கள் என்பதை மாவட்டச் சங்கங்களே கணக்கெடுத்துச் சொல்ல வேண்டும். தாமாகச் செய்யாவிட்டால், இரண்டாவது உத்தரவின் மூன்றாண்டு அனுபவம் என்பது கையெழுத்துச் சான்றிதழாகவே முடியும்.

சங்கங்கள் செய்யக்கூடிய இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் சிவில் வழக்கே நடத்திய முதியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் நடத்திய உயில் வழக்குகள், எல்லைத் தகராறுகள், ஒரு கேள்வியால் திரும்பிய விசாரணைகள் ஆகியவற்றைச் சொல்லச்சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு இன்று பெரிய செலவில்லை. ஒரு கைபேசி போதும்.

வாசகருக்கு ஒன்று. உங்கள் வீட்டில் நிலமோ வீடோ பற்றி வழக்கு வரப்போகிறது என்றால், அப்பீலுக்கென்று பணத்தை எடுத்து வைக்காதீர்கள். பத்திரங்களை எல்லாம் திரட்டிக்கொண்டு, உங்கள் ஊர்க் கோர்ட்டில் சாட்சி விசாரணையில் பெயரெடுத்தவர் யார் என்று வக்கீல் குமாஸ்தாக்களிடம் விசாரியுங்கள், அவர்களுக்குத் தெரியும். அவர் கேட்கிற கட்டணத்தை அங்கேயே கொடுங்கள். அவர் உங்களைக் கடுமையாகக் கேள்வி கேட்டால் கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள்.